தடமறியும் ஏட்டில் எழுதுகிறவர்களைக் கேளுங்கள்: திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவன உரிமையாளர்களுக்கும் ஏற்றுமதியாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நான் 22 ஆண்டுகளாகத் திருப்பூரில் வேலை பார்த்து வருகிறேன். உதவி மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வேலைகளை ஒருங்கிணைக்கிறவர்) சேர்ந்து, ஸ்டைல் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங் என்று அலைந்து தொழில் கற்றவள். கடந்த சில ஆண்டுகளாக ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனத்தில், பருத்தி எந்த ஜின்னிங் (கொட்டை நீக்கும்) ஆலையிலிருந்து வந்தது என்பதில் தொடங்கி, தைத்த ஆடை எந்தப் பெட்டியில் எந்தக் கண்டெய்னரில் ஏறியது என்பது வரையிலான தடமறிதல் பதிவுகள் என் பொறுப்பில் இருக்கின்றன. இந்தப் பதிவுகளை பிளாக்செயின் மேடைகளில், அதாவது எழுதியதை இரகசியமாக மாற்ற முடியாத பொது ஏட்டு இணையத்தளங்களில், ஏற்ற வேண்டும் என்று நம்மிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் கேட்கத் தொடங்கிய நாள்முதல், நம் கூட்டங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: நம் ஆட்கள் ஏன் இதற்கு ஒத்துவர மாட்டேன் என்கிறார்கள்? கேள்வியோடு சேர்ந்து விடையும் வந்துவிடுகிறது. படிப்பு போதாது, பழக்கம் இல்லை, இரண்டு நாள் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அந்த விடை தவறு என்று சொல்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். ஒத்துவராதவர்களோடு நாள் முழுதும் வேலை செய்கிறவள் என்ற முறையில், அவர்களுடைய தயக்கத்துக்குக் காரணம் அறியாமை அன்று, பட்ட அனுபவம் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனம், பையர், பட்டறை எதையும் பெயர் குறிப்பிடவில்லை. நடந்தது எங்கும் நடக்கக்கூடியது. எங்களுக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் செய்து தந்த ஒரு சாயப்பட்டறையில் லாட் (ஒன்றாகச் சாயமேற்றும் துணித் தொகுதி) கணக்கு எழுதுகிறவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருடைய நோட்டை நான் பலமுறை புரட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஐந்து கட்டங்கள்: தேதி, பார்ட்டி, கலர், வந்த எடை, போன எடை. ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் அதை அழிக்க மாட்டார். அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, சரியான எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் சிறு கையெழுத்து இடுவார். அடித்த எண்ணையும் பிறகு யாரும் படிக்க முடியும்.

ஒரு சனிக்கிழமை இரவு, கறுப்புச் சாயத்துக்கு வந்த 480 கிலோ துணியை, பையர் தந்திருந்த செயலியில் 840 என்று தட்டிவிட்டார். உறுதிசெய்யும் பொத்தானை அழுத்திய பிறகே கவனித்தார். திருத்துவதற்கு அவருக்கு வழி எதுவும் தரப்படவில்லை. சாயமேற்றி, காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இறுக்கும் வேலை) முடிந்து 450 கிலோ வெளியேறியபோது, ஏறக்குறையப் பாதித் துணி காணாமல் போய்விட்டதாக மேடை சிவப்பு எச்சரிக்கை காட்டி, அந்த லாட்டை அப்படியே நிறுத்திவைத்தது. அதை விடுவிக்கும் அதிகாரம் ஐரோப்பாவிலிருந்த பையர் அலுவலகத்துக்கு மட்டும்தான் இருந்தது. ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை. திங்கள் பிற்பகல் மின்னஞ்சலைத் திறந்து, விளக்கம் கேட்டு, எடைச்சீட்டின் படத்தைக் கேட்டு, புதன்கிழமை விடுவித்தார்கள். அதற்குள் தூத்துக்குடியில் கப்பலுக்கான கெடு தவறிப்போய், சரக்கில் ஒரு பகுதியை விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தச் செலவில் ஒரு பங்கு பட்டறையின் பில்லில் கழிக்கப்பட்டது. பட்டறை தன் பங்குக்கு அவருடைய சம்பளத்தில் கழித்தது.

அடுத்த வாரம் நான் போனபோது, அவர் கைப்பேசியை என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, "அம்மிணி, நோட்டு நான் எழுதறேனுங்க. இதுல மட்டும் நீங்களே வந்து போட்டுக்குங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு சீசன்கள் அந்தப் பட்டறையின் பதிவுகளை, அவர் தொலைபேசியில் எடையைச் சொல்லச் சொல்ல, நான் என் மேசையிலிருந்து அவருடைய கடவுச்சொல்லைக் கொண்டு ஏற்றினேன். பையரின் திரையில் அது பட்டறையே தன் கையால் பதிந்ததாகத்தான் தெரிந்திருக்கும். அவரவர் பதிவை அவரவரே ஒப்பமிட்டு ஏற்றுகிறார்கள் என்பதுதான் பிளாக்செயின் தரும் உத்தரவாதத்துக்கு அடிப்படை. அந்த அடிப்படையே அங்கே இல்லை. நான் செய்தது சரியென்று சொல்ல வரவில்லை. ஆனால் பல நிறுவனங்களில் இன்றைக்கும் பதிவுகள் இப்படித்தான் ஏறுகின்றன என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவருக்கு மனமில்லாத ஏற்பாட்டை அவர் எதிர்த்து நிறுத்துவதில்லை. அதை வேறொருவர் தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நடப்பதாகவே தெரியும்.

பிளாக்செயின் என்பது பலர் கையில் ஒரே நேரத்தில் இருக்கும் ஒரே பேரேடு. அதில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவுக் கட்டும் தனக்கு முந்தைய கட்டின் கணித முத்திரையைச் சுமந்திருப்பதால், பழைய எண்ணை ஒருவர் இரகசியமாக மாற்றினால் அதற்குப் பின்னுள்ள முத்திரைகள் எல்லாம் பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அழிக்க முடியாது என்பதன் பொருள் இவ்வளவுதான். திருத்தவே கூடாது என்பதன்று. தவறான பதிவை அப்படியே விட்டுவிட்டு, "முந்தைய எண் தவறு, சரியான எண் இது, திருத்தியவர் இவர், ஒப்புக்கொண்டவர் இவர்" என்று இன்னொரு பதிவைச் சேர்ப்பது இத்தொழில்நுட்பத்துக்கு முற்றிலும் உடன்பாடானது. லாட் கணக்கு எழுதுகிற அந்த அண்ணன் ஒற்றைக் கோடு போட்டுச் சிறு கையெழுத்து இட்டு வந்ததும் இதைத்தான். அவருடைய நோட்டின் ஒழுக்கத்தை அந்த மென்பொருளை எழுதியவர்கள் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருந்தால், திருத்தப் பதிவுக்கு ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள். அவர்கள் வரவில்லை, நாமும் அழைக்கவில்லை.

புதிய கருவியை மனிதர்கள் பணியிடத்தில் ஏன் ஏற்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் நெடுநாளாக ஒன்றைச் சொல்லி வருகிறார்கள். 1989-இல் அமெரிக்க ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் இரண்டு காரணங்களை முன்வைத்தார்: இது என் வேலைக்குப் பயன்படும் என்ற எண்ணம், இதைக் கையாள்வது எளிது என்ற எண்ணம். இரண்டில் பயனே கூடுதல் எடையுள்ளது என்பதும் அவர் கண்டதுதான். உண்மையான பயன் இருந்தால் ஓரளவு சிரமத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். பயனில்லாத ஒன்றை எவ்வளவு எளிதாக்கினாலும் தொட மாட்டார்கள். 2003-இல் வெங்கடேஷ் என்ற ஆய்வாளரும் டேவிஸ் உள்ளிட்ட மற்ற மூவரும் அதுவரை வந்திருந்த பல கோட்பாடுகளைத் தொகுத்தபோது, மேலும் இரண்டைச் சேர்த்து நான்காக்கினார்கள்: தமக்கு முக்கியமானவர்கள் இதை எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வு, பயன்படுத்துவதற்கான வசதியும் உதவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல். மற்றவர்களுடைய எதிர்பார்ப்பு என்பது கட்டாயம் உள்ள இடத்தில், அதுவும் தொடக்க நாள்களில், அதிகமாக வேலை செய்கிறது. அனுபவம் கூடக் கூட அதன் பிடி தளர்ந்துவிடுகிறது என்பதும் அந்த ஆய்வில் உண்டு. நம் ஊரில் நடப்பதும் அதுவே. "பையர் கேட்கிறார்" என்ற ஒற்றைச் சொல்லுக்கு முதல் சீசனில் எல்லோரும் பதிவு செய்கிறார்கள். மூன்றாவது சீசனில் என்னைப்போல யாரோ ஒருவர் மேசையிலிருந்து எல்லோருக்குமாகப் பதிவு செய்கிறார்.

நாம் பயிற்சி, பயிற்சி என்று பேசுவதெல்லாம் எளிமையைப் பற்றிய பேச்சு. பயனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாயப்பட்டறையில் எடையைப் பதிகிறவருக்கு அதனால் என்ன கிடைக்கிறது? பையருக்குத் தன் ஆடையின் கதையைக் வாடிக்கையாளரிடம் சொல்ல ஒரு கியூஆர் கோடு கிடைக்கிறது. ஏற்றுமதியாளருக்கு ஆர்டர் கிடைக்கிறது. ஜாப் ஒர்க் செய்கிறவருக்குக் கிடைப்பது, ஏற்கெனவே நோட்டிலும் டெலிவரி சலானிலும் கணினியிலும் மூன்று முறை எழுதுகிற எண்ணை நான்காவது முறையாக எழுதுகிற வேலை. அவர் மறுப்பதில் எனக்கு வியப்பில்லை.

பயனை உண்டாக்க ஒரு வழி நம் கையிலேயே இருக்கிறது. உங்களில் சிலருக்கு அது பிடிக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள்தான். அக்கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெற முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் துணி எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டது, எந்தத் தேதியில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதில்தான் நிட்டிங்காரரும் பிரிண்டிங்காரரும் நம்மோடு மல்லுக்கு நிற்கிறார்கள். யாரும் பின்தேதியிட முடியாத ஏட்டில் "450 கிலோ பெற்றுக்கொண்டோம்" என்று நாம் ஒப்பமிட்ட அந்தக் கணத்திலிருந்து அவருடைய பில்லுக்கு நாள் எண்ணத் தொடங்கும் என்று நாமே அறிவித்துவிட்டால், அவரைப் பதிவு செய்யச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியிராது. நாம் ஒப்பமிடத் தாமதித்தால் அவர்தான் நமக்கு அழைப்பார். அழிக்க முடியாத ஏடு என்பது அவர்மீது வைக்கப்பட்ட கண்காணிப்பாக மட்டும் இருக்கிறவரை அவர் அதை வெறுப்பார். நம்மையும் அது கட்டுப்படுத்தும் என்று கண்ட நாளில் அதைத் தன்னுடையதாக நினைப்பார்.

கட்டாயத்தால் எதுவும் நடக்காது என்று நான் சொல்லவில்லை. 2018-இல், சரக்கை வண்டியில் அனுப்ப இணையத்தில் எடுக்க வேண்டிய இ-வே பில் வந்தபோது, அதற்கு முன் கணினியைத் தொட்டிராத கிடங்குக் கணக்கர்கள் சில வாரங்களில் கற்றுக்கொண்டார்கள். பில் இல்லாவிட்டால் வழியில் லாரியைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம், நாடு முழுதும் ஒரே தளம், ஒரே படிவம், எந்தப் பார்ட்டிக்கும் ஒரே முறை என்பது. ஒருமுறை கற்றால் போதும். நம் தடமறிதல் வேலையில் நிலைமை நேர்மாறு. ஒரு பையருக்கு ஒரு மேடை, இன்னொருவருக்கு இன்னொன்று, மூன்றாமவருக்கு எக்செல். ஒரு மேடை கிலோவில் கேட்கும். மற்றொன்று மீட்டரில் கேட்கும். ஒன்றில் லாட் எண் பட்டறையினுடையது. இன்னொன்றில் அதுவே தனக்கென்று புதிய எண் தரும். ஐந்து ஏற்றுமதியாளர்களுக்குச் சாயமேற்றும் ஒரு பட்டறை ஐந்து கடவுச்சொற்களையும் ஐந்து விதமான விதிகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இதைப் பயிற்சியின்மை என்று சொல்வது நியாயமில்லை.

கட்டாயத்தை அவசரப்பட்டு இறுக்கினால் என்ன ஆகும் என்பதை நாடே ஒருமுறை பார்த்தது. வணிகக் குறுஞ்செய்திகளை ஒழுங்குபடுத்தத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் பெயர்த் தலைப்பையும் செய்தியின் மாதிரி வாசகத்தையும் பகிர்ந்தளித்த பேரேட்டுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் பிளாக்செயின் வகைத் தொழில்நுட்பம் இவ்வளவு பெரிய அளவில் கட்டாயமாக்கப்பட்டது அதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை. நிறுவனங்கள் பதிவை இழுத்தடித்தன. 2021 மார்ச் 8 அன்று தொலைபேசி நிறுவனங்கள் பதிவில்லாத செய்திகளை வடிகட்டத் தொடங்கியதும் வங்கிகளின் ஓ.டி.பி. கூட மக்களுக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாளே டிராய் அதை ஏழு நாள்களுக்கு நிறுத்திவைக்க நேர்ந்தது. பிறகு எல்லோரும் பதிவு செய்தார்கள். இன்று அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆணை இருந்தும் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஏன் மெத்தனமாக இருந்தார்கள் என்பதை நாம் யோசிக்க வேண்டும். பதிவு செய்யாதிருப்பதால் அதுவரை யாருக்கும் நட்டமில்லை, செய்வதால் உடனடி லாபமும் இல்லை. அவ்வளவுதான்.

உரிமையாளர்களாகிய உங்களுடைய தயக்கத்தைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. தொழிலாளியின் மனம் மட்டுமே ஆராய்ச்சிக்குரியது என்பதில்லை. உங்களுக்கு இரண்டு அச்சங்கள் உண்டு. முதலாவது, நம் நூல் எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்கு வருகிறது, எந்த நிட்டிங்காரரிடம் கொடுக்கிறோம் என்பதெல்லாம் போட்டியாளருக்கோ, நம்மைத் தாண்டி நேரடியாகப் போக நினைக்கும் பையருக்கோ தெரிந்துவிடும் என்பது. இது வீண் அச்சம் அன்று. உலகின் பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து 2018-இல் ட்ரேட்லென்ஸ் என்ற மேடையைத் தொடங்கின. சரக்குக் கப்பல் ஆவணங்களைத் துறைமுகங்களும் சுங்கமும் கப்பல் நிறுவனங்களும் ஒரே ஏட்டில் பார்க்க வேண்டும் என்பது நோக்கம். ஒரு போட்டியாளர் நடத்தும் ஏட்டில் தம் கணக்கை எப்படி எழுதுவது என்று மற்றக் கப்பல் நிறுவனங்கள் தொடக்கத்தில் தயங்கின. 2019-இல் பெரிய நிறுவனங்கள் சில சேரவும் செய்தன. ஆனாலும் 2022 நவம்பரில், உலகளாவிய முழு ஒத்துழைப்பை எட்ட முடியவில்லை என்று சொல்லி அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். தொழில்நுட்பம் வேலை செய்யவில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. ஏடு யாருடையது என்ற கேள்வி, ஏடு எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியைவிடப் பெரியது.

இந்த அச்சத்துக்குத் தொழில்நுட்பத்தில் மருந்து இருக்கிறது. நம்மிடம் அதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. நிறுவனங்களுக்கிடையே பயன்படும் பிளாக்செயின் பெரும்பாலும் அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரக்கூடியது. ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற மென்பொருள்களில், ஒரே வலையமைப்புக்குள் இருவருக்கோ மூவருக்கோ மட்டும் திறந்திருக்கும் தனி வழிகளை அமைக்க முடியும். எடையையும் லாட் எண்ணையும் எல்லோரும் பார்க்கட்டும், விலையை இருவர் மட்டும் பார்க்கட்டும் என்று வகுக்க முடியும். இதைச் சொல்லாமல், "எல்லாம் வெளிப்படை" என்று மேடையேறிப் பேசுகிறவர்கள்தான் உங்களைப் பயமுறுத்திவிட்டார்கள். எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர், பிளாக்செயின் என்ற சொல்லைக் கேட்டதும், இது கிரிப்டோவா, 2022 முதல் அதற்குப் போடும் 30 சதவீத வரி நம் பில்லுக்கும் வருமா என்று கவலையோடு கேட்டார். பிட்காயினும் இதுவும் ஒரே குடும்பத்துத் தொழில்நுட்பம், ஆனால் இங்கே நாணயமும் இல்லை, வரியும் இல்லை என்று பத்து நிமிடம் உட்கார்ந்து சொன்ன பிறகு நிம்மதியானார். அந்தப் பத்து நிமிடத்தை எந்தப் பயிற்சிக் கூட்டமும் அவருக்குத் தந்திருக்கவில்லை.

இரண்டாவது அச்சத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆர்டர் நெருக்கும்போது, பையரிடம் அறிவிக்காத ஒரு சிறு யூனிட்டுக்குத் தையலைக் கொடுக்கிறோம். நிறம் சற்றே மாறிய லாட்டை இன்னொரு லாட்டோடு சேர்க்கிறோம். போன ஆர்டரில் மிஞ்சிய துணியை இந்த ஆர்டரில் நுழைக்கிறோம். இவற்றில் சில தொழிலின் இயல்பு, சில தவறு. எதுவாயினும், உண்மையான எடைகள் உண்மையான நேரத்தில் ஏறினால் எல்லாமே தெரிந்துவிடும். ஆகவே மேலே "பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு, கீழே "பார்த்துப் பதிவு செய்யுங்கள்" என்கிறோம். அந்தப் "பார்த்து" என்ற சொல்லின் பாரம் முழுவதும் சூப்பர்வைசர் தலையிலும் பேக்கிங் பொறுப்பாளர் தலையிலும் இறங்குகிறது. உண்மையைப் போட்டால் முதலாளிக்குச் சிக்கல், மாற்றிப் போட்டால் பின்னால் ஆடிட்டில் தனக்குச் சிக்கல் என்ற நிலையில் உள்ளவர், அழிக்க முடியாத ஏட்டில் தன் பெயரால் எழுத எப்படி மனம் ஒப்புவார்? இந்த ஒரு காரணத்தைச் சரிசெய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் பலனிராது என்பது என் உறுதியான எண்ணம். அறிவிக்காத யூனிட்டுகளை அறிவித்துவிடுங்கள். மிச்சத் துணிக்கும் லாட் கலப்புக்கும் பதிவில் முறையான இடம் கேளுங்கள். அது பையரோடு நீங்கள் பேசி முடிக்க வேண்டிய விஷயம், எங்களால் முடியாது.

இந்த ஏட்டால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். 2020-இல், இந்தியாவிலிருந்து ஆர்கானிக் என்று சான்றிதழ் பெற்றுவந்த பருத்தியில் ஏறத்தாழ 20,000 டன் போலிச் சான்றிதழ் பெற்றது என்று, ஆர்கானிக் துணிகளுக்கு உலகத் தரம் வகுக்கும் காட்ஸ் அமைப்பு கண்டுபிடித்தது. சான்றிதழ்களில் இருந்த கியூஆர் கோடுகள், அரசு இணையதளத்தைப் போலவே உருவாக்கப்பட்ட ஒரு போலித் தளத்துக்குக் கொண்டுபோயின. பிளாக்செயின் இருந்திருந்தால் ஒரே சான்றிதழை இரண்டு சரக்குக்குக் காட்டுவதையும், நடுவழியில் எடையைப் பெருக்குவதையும் தடுத்திருக்கலாம். ஆனால் ஜின்னிங் ஆலை வாசலில் சாதாரணப் பருத்தியை ஆர்கானிக் என்று முதல் பதிவிலேயே எழுதினால், அந்தப் பொய்யை அது பத்திரமாகக் காப்பாற்றித்தான் வைக்கும். நூலை வெறும் கண்ணால் பார்த்து ஆர்கானிக்கா என்று சொல்ல முடியாது என்பது நம் தரக்கட்டுப்பாட்டு ஆள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அவர்களிடம் போய் "இது வந்தால் ஏமாற்றே நடக்காது" என்று சொன்னால், அந்த ஒரு வாக்கியத்திலேயே மற்ற எல்லாவற்றின் மீதும் அவர்களுக்கு நம்பிக்கை போய்விடுகிறது. மிகையாகச் சொல்லி விற்காதீர்கள் என்று மென்பொருள் நிறுவனங்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒத்திப்போடவும் நேரமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய சூழல்வடிவமைப்பு ஒழுங்குமுறை 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. டிஜிட்டல் கடவுச்சீட்டு (பொருளைப் பற்றிய தகவல்களைச் சுமக்கும் மின்னணுப் பதிவு) கேட்கப்படவிருக்கும் பொருள்களில் ஆடை முன்வரிசையில் இருக்கிறது. அந்தச் சட்டம் பிளாக்செயின்தான் வேண்டும் என்று எங்கும் கட்டளையிடவில்லை. சரிபார்க்கத்தக்க தகவலைத்தான் கேட்கிறது. ஆகவே எந்த ஏடு, யார் நடத்துவது என்று நாம் முடிவு செய்ய இன்னும் இடம் இருக்கிறது. நாம் முடிவு செய்யாவிட்டால் ஒவ்வொரு பையரும் தனக்கு வேண்டியதை நம்மீது வைப்பார்.

இப்படிப்பட்ட நெருக்கடியை இந்த ஊர் முன்பும் கண்டிருக்கிறது. நொய்யலில் கலந்த சாயக்கழிவுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட நாள்களை நாம் யாரும் மறக்கவில்லை. தனித்தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க முடியாத பட்டறைகள் பங்கு போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தித்தான் கழிவே வெளியேறாத முறைக்கு வந்தன. பட்டறைகளே பங்குதாரர்களாக இருந்ததால், அது யாரோ சுமத்திய இயந்திரமாக இல்லாமல் அவர்களுடைய சொத்தாக இருக்கிறது. தடமறிதலுக்கும் அப்படி ஒரு பொதுப் பதிவு நிலையம் வேண்டும். நிட்டிங், சாயம், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லோரும் ஒரே படிவத்தில் ஒரே முறை பதியட்டும். அங்கிருந்து எந்தப் பையரின் மேடைக்கு வேண்டுமானாலும் தகவல் போகட்டும். அதை ஒரு தனி ஏற்றுமதியாளர் நடத்தக் கூடாது. சங்கங்கள் கூட்டாக நடத்த வேண்டும். நிர்வாகத்தில் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குச் சம இடம் இருக்க வேண்டும். பையர்கள் தங்கள் தேவைக்காகக் கேட்கிறபோது அதன் கட்டணத்தில் பங்கு தரச் சொல்லுங்கள். நாற்பதாயிரம் கோடி ரூபாய் அளவுக்கு ஏற்றுமதி செய்யும் ஊர் ஒன்றாகக் கேட்டால் அவர்கள் காதில் விழும்.

அந்தப் பதிவு முறையில், எழுதியவரே தன் பிழையைத் திருத்தப் பதிவால் சரிசெய்ய 48 மணி நேரம் இருக்கட்டும். நிறுத்திவைக்கப்பட்ட லாட்டை விடுவிக்கும் அதிகாரம் திருப்பூரில், ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசி எடுக்கும் ஒருவரிடம் இருக்கட்டும். தவறுதலாக எண்ணை மாற்றித் தட்டியதற்காக எவருடைய சம்பளத்திலும் பிடித்தம் செய்ய மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். செயலி தமிழில் இருக்கட்டும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து சூப்பர்வைசராக உயர்ந்திருப்பவர்களுக்காக இந்தியிலும் இருக்கட்டும். சிக்னல் இல்லாத கிடங்கிலும் பதிந்து வைத்துப் பிறகு ஏற்ற முடியட்டும். எங்கள் பேக்கிங் பொறுப்பாளர் அக்கா தன் சொந்தக் கைப்பேசியில், சொந்த டேட்டாவில், வேலை நேரம் முடிந்து பேருந்துக்கு நிற்கிறபோது பதிவுகளை ஏற்றிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். பதிவும் வேலைதான், அதற்கு நேரமும் கருவியும் நிறுவனம் தர வேண்டும்.

ஒரேயடியாக எல்லா ஆர்டருக்கும் இதைத் தொடங்க வேண்டாம். ஒரு நிறுவனம், ஒரு ஸ்டைல், அதைச் சுற்றியுள்ள ஆறேழு பட்டறைகள், ஒரு சீசன். பழைய முறையில் ஓர் ஆடிட்டுக்கு ஆவணம் திரட்ட எத்தனை நாள் ஆனது, புதிய முறையில் எத்தனை மணி நேரம் ஆனது என்று பட்டறைக்காரர்களே கண்ணால் பார்க்கட்டும். அமெரிக்காவின் வால்மார்ட் தன் சோதனையில் ஒரு மாம்பழப் பொட்டலம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஏழு நாள் ஆனதை 2.2 நொடியாகக் குறைத்துக் காட்டிய பிறகே, 2018-இல் கீரை வகை தருகிறவர்களையும் சேரச் சொன்னது. காட்டுவதற்கு ஒன்று அவர்களிடம் இருந்தது.

கடந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் பதிவுகளில் நேர்ந்த பிழைகளை, எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதனால் நேர்ந்தது, எப்படித் தீர்ந்தது என்று ஒரு தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யாருடைய பெயரும் அதில் இல்லை. பொதுப் பதிவு முறையை வடிவமைக்க நீங்கள் ஒரு குழு அமைத்தால் அந்த நோட்டைத் தருகிறேன். முதல் கூட்டத்துக்கு அந்த லாட் கணக்கு அண்ணனையும் அழைத்து வருகிறேன். கோடைக்கால ஆர்டர்களுக்கு நூல் வாங்கத் தொடங்குமுன் அக்கூட்டம் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் தடமறிதல் பொறுப்பாளர்,
திருப்பூர்.